மாத்திரையை நிறுத்திய மகனுக்கு

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் இதையெல்லாம் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுவாய். அதனால்தான் கடிதம். வேலை இல்லாத நாளில் உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாவதில் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 4.6 மில்லிமோல். மாத்திரை ஆரம்பித்த பிறகு எடுத்ததில் 2.6. "நார்மலாயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்று மருமகளிடம் சொன்னாயாம். தம்பி, அந்த 2.6 மாத்திரை கொண்டுவந்த எண். மாத்திரை போனால் அதுவும் கூடவே போய்விடும். சில வாரத்திலேயே பழைய 4.6 பக்கத்தில் வந்து நிற்கும். குடையைப் பிடித்துக்கொண்டு நனையாமல் போகிறவன், நனையவில்லையே என்று நடுமழையில் குடையை மடக்குவானா?

உனக்குக் கொடுத்திருக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் என்ன செய்கிறது என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டாக்டருக்கு நேரம் இல்லை, உனக்குக் கேட்கப் பொறுமை இல்லை. கல்லீரல் தானே கொழுப்பைத் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய ஒரு நொதியை இந்த மருந்து தடுக்கிறது. கையிருப்பு குறைந்ததும் கல்லீரல், ரத்தத்தில் ஓடுகிற எல்டிஎல்லைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. இதற்கு வழி காட்டியவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். 1973-ல் ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து இந்த வகையின் முதல் பொருளைப் பிரித்தெடுத்தார். 1987-லிருந்து ஸ்டாட்டின் என்கிற இந்த வகை மாத்திரை விற்பனையில் இருக்கிறது. எல்டிஎல் ஒரு புள்ளி குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. பெரிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. உனக்கு இரண்டு புள்ளி இறங்கியிருந்தது.

வாட்ஸ்அப்பில் ஏதோ வந்ததாமே, இந்த மாத்திரை கல்லீரலை அரித்துவிடும் என்று. கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, டாக்டர் பார்ப்பார். பெரிய கோளாறு அபூர்வம். கை கால் தசை வலித்தால், சிறுநீர் கறுத்துப் போனால் உடனே போய்ச் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பார்கள், இல்லை வேறு மருந்து மாற்றுவார்கள். அவர்கள் சொல்லாமல் நாமாக நிறுத்தக் கூடாது. அப்புறம், உன் நண்பன் விற்கிற அந்தப் பானம். "இதயத்துக்கு, சர்க்கரைக்கு, பிரஷருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில்" என்றானாம். இதய நோயைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே மலேசியாவில் 1956-லிருந்து சட்டம் தடுக்கிறது. அவன் நல்ல பையன்தான், கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினான். அதற்காக அவன் பாட்டிலை வாங்கிக் குடிக்க வேண்டியதில்லை.

எனக்கு எது பயம் என்றால், உன் உடம்புக்கு ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை என்பதுதான். ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசராக இருந்த காலத்தில் என்னிடம் வருகிறவர்கள் காய்ச்சல், கத்திக்காயம், பாம்புக்கடி என்று வருவார்கள். பிரஷர் என்று யாரும் வந்ததில்லை, அது வலிக்காது பார். அதனால் சம்பள நாளில் கணக்கெழுதும் கிராணியின் மேசைக்குப் பக்கத்தில் நானும் ஒரு மேசை போட்டு, வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிட்டுக் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுவேன். ஆட்களை மேய்க்கும் தண்டல் ஒருவர் இருந்தார். "இப்பவே நாலு வரிசை மரத்துல பால் வெட்டிட்டு வரட்டுமா ஐயா?" என்று சிரிப்பார். அவர் சிரிக்கச் சிரிக்க என் கண்ணுக்கு முன்னால் பாதரசம் 190-ல் துடித்துக்கொண்டிருக்கும். மருந்து கொடுத்தால், தலைவலி வரட்டும், அப்போது தின்கிறேன் என்பார். தலைவலி வரவில்லை. ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற நேரத்தில், வாய் கோணிக் கீழே விழுந்தார்.

நம் வீட்டுக் கதையும் உனக்குத் தெரியும். எனக்கு ஈப்போவில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது வயது 52. தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் டாக்டர் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார். உன் டாக்டரிடம் இதைச் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். இன்டர்ஹார்ட் என்று 52 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஆறு வயது போல முன்னாடியே வந்திருந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்குப் பின்னால் இருப்பது புகை, கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை மாதிரி நாம் கை வைக்கக்கூடிய காரணங்கள். ஆகவே ரத்தத்தில் வந்தது, தலையில் எழுதியது என்று என்னிடம் பேசாதே.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நீ சிங்கப்பூர் வேலைக்குப் போக விடியற்காலை நாலரைக்கு ஜொகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் நிற்கிறவன். தாண்டியதும் பசிக்கும், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பாய், கூடவே தே தாரேக். அது தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பொரித்த கோழி, டீயில் கண்டென்ஸ்டு பால். உன் பாட்டியும் தேங்காய்ப்பால் ஊற்றித்தான் சமைத்தாள். ஆனால் அவள் இருட்டில் எழுந்து போய் மேடு பள்ளம் ஏறி இறங்கி ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளி சுமந்து திரும்பினாள். அந்த உழைப்பு நம் வீட்டை விட்டுப் போய்விட்டது, அந்தத் தட்டு மட்டும் போகவில்லை.

அதற்காக அவித்த கீரையைத் தின்னச் சொல்லவில்லை. அம்மா இப்போது எண்ணெயைப் பாட்டிலிலிருந்து ஊற்றுவதில்லை, கரண்டியால் அளந்து விடுகிறாள். குழம்புக்குத் தேங்காய்ப்பால் வாரத்தில் ஒருநாள். மற்ற நாளில் பருப்பு, கங்கோங் கீரை, முருங்கைக்கீரை. கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் மலிவு, இதயத்துக்கு நல்லது. பொரிக்காமல் புளி ஊற்றி வைத்தால் போதும். உப்பு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடும் கிச்சாப் சோயா சாஸும் பாக்கெட் மீ நூடுல்ஸும் அதற்குள் அடங்க வேண்டும், அதுதான் சிரமம். நீ ஒன்று செய்: பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறு. முதல் வாரம் கஷாயம் மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். நாசி லெமாக்கை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள், ருசித்துச் சாப்பிடு.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். சோதனைச் சாவடி வரிசையில் நிற்பது இதில் சேராது. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் நடக்க வேண்டும். பேத்தியைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகிற நாளில் பாதி வேலை முடிந்துவிடும். சிகரெட்டைப் பற்றிப் பலமுறை பேசியாயிற்று. விட்ட ஒரு வருடத்தில் இதய நோய் ஆபத்து பாதியாகக் குறையும், அவ்வளவுதான் சொல்வேன். வேப் என்கிற மின்சிகரெட் அதற்குப் பதில் ஆகாது.

இப்போது செய்ய வேண்டியது. டாக்டரிடம் போய் நிறுத்திவிட்டதை ஒளிக்காமல் சொல்லி, மாத்திரையை மறுபடி ஆரம்பி. தனியார் கிளினிக் செலவு என்றால் அரசாங்க கிளினிக் ஒரு ரிங்கிட்தான், காத்திருக்கத்தான் வேண்டும். மூன்று மாதத்துக்குள் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கொழுப்போடு எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரையும் எடுக்கச் சொல். 2019-ல் எடுத்த நாட்டுக் கணக்கில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை, நம் இந்தியர்களிடம் அதைவிட அதிகம். தையல் டேப்பை எடுத்து இடுப்பையும் அள. நம் போன்ற ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளக்காதே.

அம்மா தின்கிற சிம்வாஸ்டாட்டினை இரவில்தான் போட வேண்டும். உன்னுடையதை எந்த நேரமும் போடலாம், ஒரே நேரமாக இருந்தால் மறக்காது. ஷிப்ட்காரனுக்கு வசதி. பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் மாத்திரை அட்டையை வை. தம்புன் பொமெலோ, அந்தப் பம்ப்ளிமாஸ் பழம், உனக்கு உயிர் என்று தெரியும். அதன் சொந்தக்காரப் பழமான கிரேப்ஃப்ரூட் சில ஸ்டாட்டின் மருந்துகளை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் பொமெலோவைப் பற்றியும் ஃபார்மசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

கடைசியாக, மருமகளிடமும் இதைப் படிக்கக் கொடு. நெஞ்சு நடுவில் அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ இழுத்து, வேர்த்துக் கொட்டினால் வாயு என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சு மட்டும் வாங்கலாம். ஜொகூரில் 999, சிங்கப்பூரில் 995. நீயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதே.

இங்கே எல்லோரும் சுகம். ரத்தம் கொடுக்கப் போகிற தேதியை அம்மாவிடம் சொல். என்னிடம் சொன்னால் தினமும் போன் போட்டுக் கேட்பேன் என்று உனக்கே தெரியும்.

அன்புடன்,
அப்பா