48 மணி நேரம் கெடைச்சா போதும் மாப்ள

மாப்ள,

எப்டிடா இருக்க? உங்கம்மாவ செல்லூர்ல பாத்தேன், முட்டி வலி இப்ப பரவால்லையாம், நீ போனே பண்றதில்லனு ஒரே புலம்பல், மொதல்ல அத கவனி.

கவர்மெண்டே தடை பண்ணிருச்சே இன்னும் என்னடா ஆன்லைன் ரம்மினு கேட்டிருந்தேல்ல. தடை வந்தது உண்மைதான், 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம் எல்லாத்தையும் மூடிட்டாங்க, நடத்துறவனுக்கு 3 வருஷம் ஜெயிலு, 1 கோடி வரைக்கும் அபராதம், ஆடுறவனுக்கு தண்டனை கெடையாது. பெரிய ஆப்புக்காரய்ங்க எல்லாம் நிப்பாட்டிட்டாய்ங்க. ஆனா என் செல்போன் கடைக்கு டிஸ்ப்ளே மாத்த வர்ற பயலுக போன எடுத்துப் பாத்தா டெலிகிராம்ல ஏதோ வெளிநாட்டு சைட்டு லிங்க்கு வரிசையா கெடக்கு. ஒண்ண ப்ளாக் பண்ணா பேர்ல ஒரு எழுத்த மாத்தி இன்னொண்ணு வந்துருது.

இதுல ஒரு கூத்து, 2020-ல நம்ம மதுரை ஒத்தக்கடை ஹைகோர்ட்டு பெஞ்சுக்கு வந்த ஒரு கேஸே சீட்டாடுனதுக்காக போலீஸ் போட்ட கேஸுதான், அத விசாரிக்கும்போதுதான் ஆன்லைன் ரம்மிக்கு ஒரு சட்டம் வேணும்னு ஜட்ஜ் சொன்னாரு. கையில சீட்டு வச்சிருந்தவன் மாட்டுனான், போன்ல ஆடுனவன் ஜாலியா ஆடிட்டு இருந்தான்.

மத்திய சட்டத்துக்கு முன்னாடி நம்ம ஸ்டேட்ல ஒரு ரூல் வந்துச்சு, ராத்திரி 12-லேர்ந்து காலைல 5 வரைக்கும் லாகின் பண்ண முடியாது, ஆதார் சரிபார்க்கணும், ரொம்ப நேரம் ஆடுனா எச்சரிக்கை மெசேஜ் வரணும்னு. கம்பெனிக்காரய்ங்க கோர்ட்டுக்குப் போயும் 2025 ஜூன்ல ரூல் செல்லும்னு தீர்ப்பு வந்துருச்சு. அந்த மெசேஜ் எல்லாம் சும்மா மாப்ள, எவன் படிக்கிறான், ஓகேவ அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான். ஆனா ராத்திரி பூட்டு நல்ல யோசனை. வீட்ல எல்லாம் தூங்குனதுக்கு அப்புறம், விட்டத புடிக்கணும்னு வெறி வர்ற நேரம் பாரு, அப்பத்தான் இவய்ங்க மொத்தமா அழியிறது.

அதான் நீ இருக்குற இங்கிலாந்து விஷயம் எனக்குப் புடிச்சிருக்கு. சூதாட்டத்த விடணும்னு நெனைக்கிறவன் தன்னத் தானே தடை பண்ணிக்கிற கேம்ஸ்டாப் (GAMSTOP) சேவைல பேரக் குடுத்துட்டா 6 மாசமோ 1 வருஷமோ 5 வருஷமோ அங்க லைசென்ஸ் வாங்குன எந்த சூதாட்ட சைட்டுக்குள்ளயும் போக முடியாது, நடுவுல மனசு மாறுனாலும் எடுக்க மாட்டாய்ங்களாமே. மோன்ஸோ பேங்க்ல சூதாட்டத்துக்கு காசு போகாம ப்ளாக் போட்டா திருப்பி எடுக்க 48 மணி நேரம் காத்திருக்கணும். கிரெடிட் கார்டுல ஆடுறதையே 2020-லயே நிப்பாட்டிட்டாய்ங்க. இங்க யூபிஐல கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள காசு போயிருது, யோசிக்கிறதுக்கு நேரமே இல்ல, அந்த நேரத்த குடுக்குறதுதான் டெக்னாலஜி செய்ய வேண்டிய வேல, அட்வைஸ் பண்றது இல்ல.

எவன் தோக்கத் தோக்க பந்தயத்த கூட்டுறான், எவன் நடுராத்திரில திரும்பத் திரும்ப காசு ஏத்துறான், இதெல்லாம் பொண்டாட்டிக்கு முன்னாடி அந்த கம்பெனி கம்ப்யூட்டருக்குத் தெரியும்டா. அப்ப அவன நிப்பாட்டாம போனஸ்னு மெசேஜ் விடுறாய்ங்க பாரு, அதுதான் எனக்கு ஆத்தாமையா வருது.

இப்ப கடைல நான் செய்றது இவ்வளவுதான், யாராச்சும் வந்து கேட்டா பெட்ப்ளாக்கர்னு ஒரு இலவச ஆப் போட்டுவிடுறேன், எவ்வளவு நாளைக்குனு நேரம் குறிச்சிட்டா அதுவரைக்கும் சைட்டு தெறக்காது. சம்பளம் விழுகுற அக்கவுண்ட்ட யூபிஐல இருந்து எடுத்துருங்கனு சொல்றேன். வில்லாபுரத்து ஆட்டோக்காரர் ஒருத்தர் வீட்டம்மாவோட வந்தாரு, ஆப்போட பாஸ்வேர்ட அந்தம்மாவே போட்டுக்கிச்சு, அவரு மறுபக்கம் திரும்பிக்கிட்டு நின்னாரு. அவருக்கு 14416 நம்பரையும் குடுத்தேன், மனசு சம்பந்தமா அதுல பேசலாம், காசு கெடையாது.

ஆனா அவரு வேற போன் வாங்குனா என்ன பண்றது? போன்ல போடுற பூட்ட விட பேங்க்ல போடுற பூட்டுதான் நிக்கும்னு தோணுது. ஒன் ரூம்மேட் பேங்க்ல தான வேல பாக்குறான், அவன்ட்ட கேட்டு எழுது, ப்ளாக்க எடுங்கனு வர்றவய்ங்க 48 மணி நேரம் கழிச்சும் திரும்ப வந்து கேக்குறாய்ங்களா, இல்ல பாதிப்பேரு அப்டியே விட்டுர்றாய்ங்களானு.