சிகரெட்டை அணைச்சிருந்தா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிராஃபிக் ஸ்டாப், அதாவது ரோட்ல போலீஸ் கார நிறுத்தறது பத்தி நீங்க போட்ட கட்டுரைக்கு வந்த வாசகர் கடிதங்கள படிச்சேன். முக்கால்வாசி பேரு ஒரே விஷயத்த தான் சுத்தி சுத்தி சொல்லியிருந்தாங்க, 2015ல டெக்ஸாஸ்ல போலீஸ் கார நிறுத்தி கைது பண்ணி, மூணு நாள் கழிச்சு ஜெயில்ல இறந்து போன சாண்ட்ரா பிளாண்ட், கார்ல பிடிச்சிட்டிருந்த அந்த சிகரெட்ட அணைச்சிட்டு சொன்னபடி கார விட்டு இறங்கியிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாங்க, போலீஸ்காரங்ககிட்ட எதுக்கு வாய் குடுக்கணும்னு. ஒருத்தர் 'தானா தேடிக்கிட்டது'ன்னே எழுதியிருந்தாரு. அத படிச்சிட்டு ரெண்டு நாள் மனசே சரியில்ல, அதான் எழுதறேன். நான் ஹூஸ்டன்ல இருக்கேன், 290 ஹைவேல ஆஸ்டின் பக்கம் போறப்பல்லாம் அவங்கள நிறுத்தின பிரெய்ரி வியூ ஊரோட எக்ஸிட்ட தாண்டி தான் போகணும்.

முதல்ல ஒண்ண ஒத்துக்கறேன், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிட்டிருந்தேன். என்னையும் ஒரு தடவ நைட்டு பத்தரை மணிக்கு நிறுத்தினாங்க, பின்னாடி லைட் ஒண்ணு எரியலன்னு. டார்ச் வெளிச்சம் மூஞ்சில அடிச்ச உடனே பர்ஸ் எந்த பாக்கெட்ல இருக்குன்னே மறந்து போச்சு, கை ரெண்டும் ஸ்டியரிங் மேல நடுங்குது, வாயில இருந்து சார் சார்ங்கறத தவிர வேற வார்த்தையே வரல. வந்தவரு நல்ல மனுஷன், வார்னிங் சீட்டு ஒண்ணு குடுத்து பாத்து போங்கன்னு அனுப்பிட்டாரு. வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னேன், மரியாதையா நடந்துக்கிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு. அந்த பத்து நிமிஷத்துல நான் காட்டுனது மரியாதை இல்ல, பயம் தான்னு எனக்கே புரியறதுக்கு பல வருஷம் ஆச்சு.

புரிய வச்சது என் பொண்ணு. டெக்ஸாஸ்ல அப்பா அம்மாவே பசங்களுக்கு டிரைவிங் கத்துக்குடுக்கலாம், நானும் அப்படித்தான் கத்துக்குடுத்தேன். 2017ல வந்த ஒரு சட்டத்துக்கு அப்புறம் போலீஸ் நிறுத்தினா எப்படி நடந்துக்கணும்னு இங்க பாடத்துலயே சொல்லிக் குடுக்கறாங்க, கை வெளிய தெரியற மாதிரி வை, சடார்னு எதையும் எடுக்காத, அந்த மாதிரி. அத படிக்கும்போது அவ சாண்ட்ரா பிளாண்ட் வீடியோவ தேடி பாத்துட்டு என்கிட்ட வந்து கேட்டா, 'அப்பா, அந்த போலீஸ்காரர் வார்னிங் எழுதிக் குடுத்து அனுப்பத்தானே திரும்ப வந்தாரு, அப்புறம் எதுக்கு இறங்க சொன்னாரு?' எனக்கு பதில் தெரியல. அது வரைக்கும் நான் அந்த வீடியோவ முழுசா பாத்ததே இல்ல, வாட்ஸ்அப்ல வந்த துண்ட மட்டும் பாத்துட்டு தான் இத்தன நாளும் கருத்து சொல்லிட்டு இருந்திருக்கேன்.

முழுசா பாருங்க. 2015 ஜூலை 10, வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவங்களுக்கு 28 வயசு, இல்லினாய்ஸ்ல இருந்து கார் ஓட்டிட்டு வந்தவங்க, தான் படிச்ச பிரெய்ரி வியூ யூனிவர்சிட்டியிலயே வேலை கிடைச்சிருந்தது. டிரூப்பர், அதாவது மாநில போலீஸ்காரர், வேகமா பின்னாடி வர்றத பாத்து வழி விட லேன் மாறுறாங்க, இண்டிகேட்டர் போடல, அதுக்கு தான் நிறுத்துறாரு. பேப்பர் எல்லாம் வாங்கிட்டு போயி திரும்ப வந்து, ரொம்ப எரிச்சலா இருக்கீங்க போலன்னு அவரே தான் கேக்கறாரு. அவங்களும் உள்ளத சொல்றாங்க, ஆமா, நீங்க வேகமா ஒட்டிக்கிட்டு வந்தீங்க, வழி விட நகர்ந்தேன், அதுக்கு நிறுத்திட்டீங்க, எரிச்சல் தான், அதுக்காக நீங்க டிக்கெட் குடுக்காம இருக்கப் போறதில்லயேன்னு. சத்தம் போடல, அவர திட்டவும் இல்ல. 'முடிச்சிட்டீங்களா?'ன்னு கேக்கறாரு. அதுக்கப்புறம் தான் சிகரெட் பேச்சே வருது. என் கார்ல இருக்கேன், நான் ஏன் அணைக்கணும்னு கேக்கறாங்க, அடுத்த வார்த்தை, இறங்குங்க.

அங்கருந்து எல்லாம் சில நிமிஷத்துல. கதவ திறந்து கைய வைக்கறாரு, இழுத்து போடுவேங்கறாரு, ஷாக் அடிக்கற டேசர் துப்பாக்கிய நீட்டிக்கிட்டு கத்தறாரு. கவனிங்க, அரெஸ்ட் பண்றேன்னு அவரு சொல்லும்போது அவங்க இன்னும் சீட்ல தான் உக்காந்திருக்காங்க, எதுக்கு அரெஸ்ட்னு கேட்டுட்டே இருக்காங்க, பதில் வரல. கால்ல உதைச்சாங்க, அதனால கேஸுன்னு கடிதத்துல ஒருத்தர் எழுதியிருக்காரே, அந்த உதைச்ச பேச்சு எல்லாம் இதுக்கு அப்புறம் வந்தது. இண்டிகேட்டர் போடாததுக்கா இவ்வளவும்னு அவங்க கேக்கறது காதுல விழுது. எனக்கு வலிப்பு நோய் இருக்குன்னு சொல்றாங்க, அதுக்கு அந்த ஆளு 'நல்லது'ங்கறாரு. அந்த ஒரு வார்த்தைய கேட்டப்புறம் வீடியோவ நிறுத்திட்டு எழுந்து போயிட்டேன், மிச்சத்த அடுத்த நாள் தான் பாத்தேன்.

சரி, சட்டத்துக்கு வர்றேன், ஏன்னா கீழ்ப்படிய சொல்றவங்க எல்லாரும் சட்டத்த தான் காட்டுறாங்க. நிறுத்தின வண்டியில இருக்கற டிரைவர இறங்க சொல்ல போலீஸுக்கு அதிகாரம் உண்டு, 1977லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டாங்க, நான் மறுக்கல. அதே கோர்ட் 2015 ஏப்ரல்ல, அதாவது இந்த சம்பவத்துக்கு மூணே மாசம் முன்னாடி, எந்த வேலைக்காக நிறுத்தினீங்களோ அது முடிஞ்சதுக்கு மேல தகுந்த சந்தேகம் இல்லாம நிறுத்தி வைக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க. வார்னிங் எழுதியாச்சு, கையெழுத்து வாங்கிட்டு அனுப்பறது தான் பாக்கி. சொந்த கார்ல சிகரெட் பிடிக்கறது குத்தமும் இல்ல. மரியாதையா நடந்துக்கணுங்கற எங்க விதிய அவரு மீறிட்டாருன்னு அவரோட டிபார்ட்மெண்டே ஒத்துக்கிச்சு. கடைசியில, பாதுகாப்பா விசாரிக்கறதுக்காக தான் அவங்கள கார்ல இருந்து இறக்கினேன்னு எழுதிக் குடுத்தது பொய்னு 2016 ஜனவரியில கிராண்ட் ஜூரி, அதாவது கேஸ் போடலாமான்னு முடிவு பண்ற பொது ஜனங்க குழு, அவரு மேல குத்தச்சாட்டு வச்சாங்க. அது என்ன ஆச்சுன்னா 2017 ஜூன்ல, இனிமே போலீஸ் வேலைக்கே போக மாட்டேன்னு அவரு ஒத்துக்கிட்டதுக்கு பதிலா கேஸ தள்ளுபடி பண்ணிட்டாங்க. அதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு, 2019ல, சாண்ட்ரா தன் போன்ல எடுத்த 39 செகண்ட் வீடியோ டிவில வருது. என் பாதுகாப்புக்கு ஆபத்து இருந்துச்சுன்னு சொன்னவரு முன்னாடி அவங்க கையில இருந்தது ஒரு போனு. அவங்க குடும்பத்துக்காரங்க அது வரைக்கும் அத பாத்ததே இல்லன்னு சொன்னாங்க.

ஆனா நான் இந்த கடிதம் எழுத உக்காந்தது ரோட்ல நடந்த அந்த சில நிமிஷத்துக்காக மட்டும் இல்ல. எல்லாரும் அதையே பேசறோம். அதுக்கப்புறம் வந்த மூணு நாள பத்தி யாருமே எழுதல.

வாலர் கவுண்ட்டி ஜெயில். ஜாமீன் 5,000 டாலர்னு வச்சாங்க, ஜாமீன் ஏஜெண்ட் மூலமா எடுக்க அதுல பத்துல ஒரு பங்கு, சுமாரா 500 டாலர் இருந்தா வெளிய வந்துடலாம். வீட்டுக்கு போன் பண்ணாங்க, குடும்பம் பணம் பிரட்டிட்டு இருந்தது, சனி ஞாயிறு வேற, வேலை நாள் மாதிரி எதுவும் சட்டுனு நடக்காது. உள்ள சேக்கும்போது ஜெயில்ல ஒரு படிவம் நிரப்பறாங்க, முன்னாடி தற்கொலைக்கு முயற்சி பண்ணியிருக்கீங்களான்னு அதுல கேள்வி இருக்கு, ஆமான்னு பதிலும் பதிவாகியிருக்கு. அப்படி ஒரு பதில் வந்தா உடனே ஒரு டாக்டருக்கோ மேலதிகாரிக்கோ சொல்லி கூடவே கண்காணிப்பு போடணுமா வேண்டாமா? போடல. மணிக்கு ஒரு தடவ நேர்ல போயி பாக்கணுங்கற விதியையே சரியா பாக்கலன்னு டெக்ஸாஸ் ஜெயில் கமிஷன் அந்த ஜெயிலுக்கு நோட்டீஸ் குடுத்தாங்க, ஸ்டாஃப்புக்கு தேவையான டிரெய்னிங் இருந்ததுக்கு ஆதாரம் இல்லன்னும் சொன்னாங்க. ஜூலை 13 திங்கட்கிழமை காலைல அறைக்குள்ள இறந்து கிடந்தாங்க.

பிரேதப் பரிசோதனை தற்கொலைன்னு சொல்லுச்சு. அத நம்பாதவங்க இன்னைக்கும் இருக்காங்க, அவங்க அம்மா அன்னைக்கு கேட்ட கேள்விகள் நியாயமானது தான், ஏன்னா முதல்ல வெளியிட்ட, போலீஸ் கார்ல இருந்த டேஷ்கேம் வீடியோவுல அங்கங்க படம் குதிக்குது, போன காரே திரும்ப வருது, அப்லோட்ல கோளாறுன்னு சொல்லி மறுபடி வேற காப்பி போட்டாங்க, இதெல்லாம் பாத்தா யாருக்கு தான் சந்தேகம் வராது. நான் அந்த பரிசோதனை முடிவ ஏத்துக்கறேன். ஏத்துக்கிட்டாலும் ஜெயிலோட பொறுப்பு எனக்கு ஒரு இம்மி கூட குறையல. தற்கொலைன்னு ஒரு வார்த்தைய சொன்ன உடனே, அப்போ அது அவங்க முடிவு, ஜெயிலுக்கு என்ன சம்பந்தம்னு உங்க கடிதக்காரங்க பேச்ச முடிச்சிடறாங்க. பூட்டி சாவிய கையில வச்சிருக்கறவங்களுக்கு உள்ள இருக்கற உயிர காப்பாத்தற கடமை இருக்கு, அமெரிக்காவுல லோக்கல் ஜெயில் சாவுகள்ல தற்கொலை தான் பல வருஷமா முதல் காரணமா இருந்திருக்கு, உள்ள வந்த முதல் சில நாள் தான் ரொம்ப ஆபத்தான நேரம்னு ஜெயில் நடத்தறவங்களுக்கு நல்லாவே தெரியும். அந்த படிவத்துல கேள்வியே அதுக்காக தானே வச்சிருக்காங்க. கிராண்ட் ஜூரி ஜெயில் ஆளுங்க யார் மேலயும் குத்தச்சாட்டு வைக்கல. 2016ல குடும்பத்தோட 19 லட்சம் டாலருக்கு சமரசம் பேசி முடிச்சாங்க.

இன்னொரு விஷயம் நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாது, எனக்கும் பொண்ணு கூட உக்காந்து தேடறப்போ தான் தெரிஞ்சது. டெக்ஸாஸ்ல வெறும் அபராதம் மட்டுமே தண்டனையா இருக்கற சின்ன டிராஃபிக் தப்புக்கு கூட போலீஸ் நினைச்சா கைது பண்ணலாம். சீட் பெல்ட் போடலன்னு குழந்தைங்க முன்னாடியே ஒரு அம்மாவுக்கு விலங்கு மாட்டி கூட்டிட்டு போனாங்க, லாகோ விஸ்டாங்கற ஊர்ல, 1997ல. அந்த தப்புக்கு அதிகபட்ச அபராதமே 50 டாலர் தான். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2001ல அஞ்சுக்கு நாலுன்னு, அரசியல் சட்டப்படி அது செல்லும்னு தீர்ப்பாச்சு. இதுல ஒரு கொடுமை என்னன்னா ஓவர் ஸ்பீடு மாதிரி ஒரு சில தப்புக்கு மட்டும், கோர்ட்டுக்கு வர்றேன்னு கையெழுத்து போட்டா டிக்கெட் குடுத்து அனுப்பியே ஆகணும்னு இங்க சட்டம் இருக்கு. இண்டிகேட்டருக்கு அந்த பாதுகாப்பு இல்ல. உயிர எடுக்கற வேகத்துக்கு டிக்கெட், லைட் போடாததுக்கு ஜெயில், இத எந்த நியாயத்துல சேக்கறது?

சாண்ட்ரா பேர்லயே 2017 ஜூன்ல ஒரு சட்டம் வந்துச்சு, கவர்னர் கையெழுத்தும் போட்டாரு. ஜெயில் சாவுகள வெளி ஏஜென்சி தான் விசாரிக்கணும், மனநிலை பாதிப்பு இருக்கறவங்கள ட்ரீட்மெண்ட் பக்கம் அனுப்ப முயற்சி பண்ணணும், ரவுண்ட்ஸ் நிஜமாவே போனாங்களான்னு பதிவாகற மாதிரி கேமராவோ சென்சாரோ வைக்கணும், போலீஸுக்கு ஒரு வாக்குவாதத்த எப்படி தணிக்கறதுன்னு டிரெய்னிங், எல்லாம் நல்லது தான், நான் குறை சொல்லல. ஆனா முதல்ல கொண்டு வந்த மசோதாவுல அபராதத் தப்புக்கு கைது கூடாதுன்னும் இருந்தது, போலீஸ் சங்கங்க எதிர்த்ததால பாஸ் ஆகறதுக்கு முன்னாடியே அத எடுத்துட்டாங்க. அதுக்கப்புறமும் கொண்டு வந்தாங்க, நிறைவேறல. ஜெயிலுக்குள்ள போனதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு சட்டம் இருக்கு, எதுக்காக உள்ள போறோங்கறது மட்டும் அப்படியே பாக்கி நிக்குது.

அதனால தான் 'அணைச்சிருந்தா, இறங்கியிருந்தா'ங்கற பேச்ச என்னால இப்ப கேக்க முடியல. ஒருத்தர் எரிச்சலா பதில் சொல்றதுக்கு தண்டனை என்னன்னு எந்த சட்டப் புத்தகத்துலயும் போடல. துப்பாக்கி, டேசர், விலங்கு, வயர்லெஸ் எல்லாம் ஒருத்தர் கையில இருக்கு, டிரெய்னிங் வாங்கினதும் அவரு தான், சம்பளம் வாங்கறதும் அவரு தான், ஆனா பொறுமைய மட்டும் அந்த பக்கம் உக்காந்திருக்கற பொண்ணுகிட்ட எதிர்பாக்கறோம். அவங்க கறுப்பினப் பொண்ணுங்கறது இதுல சின்ன விஷயமும் இல்ல. போலீஸ் நடவடிக்கை பத்தி, நிறவெறி பத்தி அந்த வருஷம் ஜனவரியில இருந்தே பேஸ்புக்ல வீடியோ போட்டுட்டு இருந்தாங்க, 'சாண்டி ஸ்பீக்ஸ்'னு பேரு வச்சு. தனக்கு என்ன உரிமை இருக்குன்னு தெரிஞ்சிருந்த ஒருத்தங்க அத கேட்டது வாய் குடுத்ததா?

நம்ம வீடுகள்ல பசங்கள பயந்து போக சொல்லித்தான் அனுப்பறோம், நானும் இன்னைக்கும் அப்படித்தான் சொல்றேன், வேற வழி தெரியல. அது உயிர் பொழைக்க சொல்ற யோசனை. செத்தவங்க மேல சொல்ற தீர்ப்பா அத மாத்தாதீங்கன்னு உங்க வாசகர்கள கேட்டுக்கறேன்.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். கட்டுரையோட ஜெயில்ல எடுத்த மக்‌ஷாட்ட போட்டிருந்தீங்க, ஆரஞ்சு டிரெஸ்ல. அடுத்த தடவ அந்தப் படம் வேண்டாமே. அந்த வீடியோக்கள்ல சிரிச்சுக்கிட்டு பேசற சாண்ட்ரா இருக்காங்க, யூனிவர்சிட்டி பக்கத்துல அவங்கள நிறுத்தின ரோட்டுக்கு 2015 ஆகஸ்ட்லயே பிரெய்ரி வியூ கவுன்சில் ஓட்டு போட்டு அவங்க பேர வச்சாங்க, அத போடுங்க. என் பொண்ணுக்கு இப்ப லைசென்ஸ் வந்தாச்சு, அடுத்த மாசம் தனியா ஆஸ்டின் போறா, அதே 290ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹூஸ்டன், டெக்ஸாஸ்