லோடு ஏறினால் நிற்கும் கேஸ் கிரைண்டர்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் குழந்தை பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே இடவப்பாதி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, சுகமாக இருக்கிறோம்.

குளச்சல் மண்டபத்தில் த்ரீ பேஸ் கரண்ட் இல்லையென்றால் கான்கிரீட் தரையைத் தேய்க்க எல்பிஜி இன்ஜினில் ஓடும் கேஸ் கிரைண்டர் வாங்கியது சரியான முடிவுதான். சும்மா ஓடும்போது ஒழுங்காக ஓடுகிறது, தட்டு தரையில் பட்டதும் திணறி நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். கார்புரேட்டர் ஸ்க்ரூவையும் ரெகுலேட்டரையும் இப்போது தொடாதே. இந்தக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியேதான் இருக்கும். சிலிண்டரிலிருந்து தொடங்கு.

வால்வைச் சட்டென்று முழுக்கத் திறந்தால், ஓஸ் அறுந்தால் கேஸை நிறுத்துவதற்காக வைத்திருக்கும் எக்சஸ் ஃப்ளோ வால்வு அடைத்துக்கொள்ளும். பிறகு கசிந்து வருகிற கேஸில் இன்ஜின் சும்மா ஓடும், லோடு எடுக்காது. மூடிவிட்டு ஒரு நிமிஷம் கழித்து மெல்லத் திறந்து பார். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்தது சிலிண்டர் படுத்திருக்கும் விதம். இந்த மிஷினுக்கு ஆவியாகத்தான் கேஸ் வேண்டும். தாங்கியில் நீட்டிக்கொண்டிருக்கும் முளை, சிலிண்டர் வளையத்தின் துளையில் உட்காராமல் திரும்பிக் கிடந்தால் திரவம் கிளம்பி வரும். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பினாலும் அப்படித்தான். ஃபோர்க்லிஃப்டுக்கென்று செய்த திரவ சிலிண்டரை மாட்டவே கூடாது. நம்மூர் ஈரக்காற்றில் சிலிண்டர் வியர்ப்பது இயல்பு, அதைக் கண்டு பயப்படாதே. ரெகுலேட்டர்மேல் வெள்ளையாக உறைபனி பிடித்தால்தான் திரவம் வருகிறது என்று அர்த்தம். உடனே வால்வை மூடு.

கேஸிலும் ஒரு சங்கதி உண்டு. அமெரிக்காவில் இந்த மிஷின்களுக்குக் கொடுக்கிற எச்.டி.5 தரத்தில் குறைந்தது 90 சதவீதம் புரொப்பேன். நம்மிடம் கிடைக்கும் எல்பிஜி புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அழுத்தம் குறைவு, கலவையும் மாறும். கனமான எண்ணெய்ப் பசை ரெகுலேட்டருக்குள் தங்கி, அதிலுள்ள மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தை மந்தமாக்கும். ஆகவே புகையை அனலைசரில் அளந்து ட்யூன் செய்யத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டு. காதால் கேட்டுத் திருப்புகிற வேலை இதில் வேண்டாம். வீட்டுச் சிலிண்டரை மாட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

இவையெல்லாம் சரியாக இருந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்று. கான்கிரீட் தூசி அடைத்தால் காற்று குறைந்து கேஸ் கூடும், இன்ஜின் மூச்சுத் திணறும். காகித ஃபில்டரை கம்ப்ரஸரால் ஊதாதே, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து தூசி நேரே இன்ஜின் சிலிண்டரின் சுவரைத் தேய்க்கும். லேசாகத் தட்டிப் பார், போகாவிட்டால் புதிது போடு. பஞ்சு உறையைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். மழைக்காலத்தில் அது காய நேரமாகும் என்பதால் ஒன்று கூடுதலாக வாங்கி வை.

அடுத்தது லாக் ஆஃப், அதாவது இன்ஜின் நின்றால் கேஸைத் தானாக அடைக்கும் வால்வு. அது இரண்டு வகை. கரண்டில் இயங்குவது என்றால் அது திறக்கும்போது 'டிக்' என்று கேட்கும். இன்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தில் இயங்குவது என்றால் அதற்கு வரும் சின்ன ஓஸில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார். கேஸ் எரிய பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட் ஸ்பார்க் வேண்டும், அதனால் பிளக் தேய்ந்தால் முதலில் லோடில்தான் தெரியும். இந்த மாதிரி மிஷின்களில் வரும் இன்ஜின்கள் பலவற்றில் பிளக் முனையின் இடைவெளி 0.75 மில்லிமீட்டர், உன் மிஷினின் மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொண்டு இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்து அள. கடலோர வேலை என்பதால் பேட்டரி முனைகளில் உப்பு பூக்கும். சுத்தம் செய்து பெட்ரோலியம் ஜெல்லி தடவு. நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நின்றால் குற்றம் தரைப்பக்கம். தட்டின்மேல் இருக்கும் எடைகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார். பெல்ட் கீச்சிட்டுக் கறுப்புத் தூள் கொட்டினால் அது நழுவுகிறது. டைமண்ட் கல் பளபளவென்று மழுங்கியிருந்தால் வெட்டாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். வைரத் துகள்களைப் பிடித்திருக்கும் உலோகத்தைப் பிணைப்பு என்போம்; கடினமான தரைக்கு மென்மையான பிணைப்பு, மென்மையான தரைக்குக் கடினமான பிணைப்பு என்பதை மாற்றி வாங்கிவிடாதே.

ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று, தூசி அதிகமென்றால் அதற்கு முன்பே. கேஸ் சுத்தமாக எரிவதால் ஆயில் கறுக்காது, நிறத்தை நம்பாதே. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பதும், சிலிண்டரோடு ஓஸ் இணையும் கப்ளிங்கில் உள்ள ரப்பர் வளையமான ஓ ரிங்கைப் பார்ப்பதும் ஒவ்வொரு சிலிண்டர் மாற்றத்துக்கும் செய்ய வேண்டியது. எல்பிஜி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, ஓஸில் இருக்கும் கேஸ் தீர்ந்து இன்ஜின் தானாக நின்ற பிறகு சாவியைத் திருப்பு.

மழைச் சாரல் அடிக்கிறது என்று பையன்கள் மண்டபக் கதவைச் சாத்துவார்கள். அதை மட்டும் அனுமதிக்காதே. இன்ஜின் புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலி, குமட்டல் வந்தால் பசி என்று நினைத்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள். எதிரெதிர் கதவுகள் திறந்திருக்கட்டும், இழுப்பு விசிறி வை, அந்த வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்றை இடுப்பில் மாட்டச் சொல். 35 பிபிஎம் (பத்து லட்சத்தில் 35 பங்கு) தாண்டினால் மிஷினை நிறுத்தி எல்லோரும் வெளியே வர வேண்டும். ஃபில்டர் அடைத்தாலோ கலவையில் கேஸ் கூடினாலோ இந்த அளவும் கூடும், அதனால்தான் ட்யூனிங்கை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பிளக்கைக் கழற்றும்போது அதன் முனை கரியா, வெள்ளையா, பழுப்பா என்றும், மிஷினின் மணி மீட்டரில் எத்தனை மணி ஓடியிருக்கிறது என்றும் எழுது. இன்ஜின் வால்வுகளின் இடைவெளி பார்க்க வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி