குளம் தூர்வாருவோருக்கு: ஓரத்துச் சேற்றை விட்டுவையுங்கள்

கொங்கு நாட்டுக் குளங்களைத் தூர்வாரும் பொறியாளர்களுக்கும், ஊர்க் குழுக்களுக்கும், அதற்குப் பணம் தரும் தொழில் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். நொய்யல் கரையோர ஊர் ஒன்றில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த குளங்களில் இன்று தண்ணீர் நிற்கிறதென்றால் அது உங்கள் உழைப்பு. அந்த நன்றி குறையாமல்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் குளத்தை மூன்று கோடைக்கு முன் தூர்வாரினார்கள். அதற்கு முன் அதன் மேற்கு ஓரத்தில் இறங்கினால் கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று தண்ணீர் மெல்ல ஏறும். இப்போது சுற்றிலும் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டார்கள். கால் வைத்தால் ஆள் ஆழம். அந்த மழைக்கே குளம் நிறைந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார்: "வாத்தியாருங்க, தண்ணி இத்தன நிக்குது, நத்தைக்குத்தி ஒண்ணுகூட இறங்கலீங்களே, ஏனுங்க?"

நத்தை இல்லை, அதனால் நத்தைக்குத்தி நாரையும் இல்லை.

குளத்தில் வெயில் அடிமண்வரை எட்டுவது ஓரத்தில்தான். கோரையும் சம்பும் வேர் பிடிப்பதும், பாசி படர்வதும் அங்கேதான். அவற்றை அண்டி நத்தை, மட்டி, கூனி இறால், அட்டை, தட்டானின் இளம்பூச்சி எல்லாம் வாழ்கின்றன. நடுக்குளத்து ஆழச் சேற்றில் ஆக்சிஜன் குறையும்போது தாக்குப்பிடிப்பவை சில வகைப் புழுக்களே. மீன்தொட்டிக்கு வாங்கிப் போடும் சிவப்புப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. அந்தச் சிவப்பு அதனால் வந்தது.

மாணவர்களைக் கூட்டிப்போய் ஒரு கைச் சேற்றைச் சல்லடையில் அலசி வெள்ளைத் தட்டில் கொட்டுவேன். சிவப்புப் புழு மட்டுமே நெளிந்தால் கழிவுநீர் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மூன்று வால் நீட்டிய மேஃபிளை இளம்பூச்சி ஓடினால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது. தட்டானின் இளம்பூச்சி மடக்கிவைத்த கீழுதட்டை நீட்டிக் கொசுப்புழுவைப் பிடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அன்று வகுப்புக்குத் திரும்ப மறுத்தார்கள். கொசு மருந்து அடிப்பவர்களும் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எனக்குப் பெரிய வருத்தம் நாம் தூர்வாரும் காலத்தைப் பற்றியது. குளம் வற்றும்போது பெரிய நத்தைகள் சேற்றில் புதைந்து, ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு மழை வரும்வரை உறங்கும். நாம் பொக்லைனை இறக்குவதும் அதே கோடையில். உறங்கும் நத்தை அத்தனையும் வண்டலோடு லாரி ஏறித் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. மட்டியின் பாடு இன்னும் மோசம். தண்ணீரை வடிகட்டித் தெளியவைக்கும் உயிர் அது. அதன் குஞ்சு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வளர்ந்து, பிறகே மண்ணில் விழும். ஒரே நாளில் அள்ளிய மட்டிப் படுகை திரும்ப மீனும் வேண்டும், சேறும் வேண்டும், பல வருடமும் வேண்டும்.

ஈரோட்டுப் பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இலும் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இலும், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அங்கே வரும் உள்ளான் பறவைகள் விரல் ஆழத் தண்ணீரில் நடந்து, சேற்றைக் குத்தி இரை எடுப்பவை. கல் சரிவில் அவை எதைக் குத்தும்?

மதகுப் பக்கத்துக் கரையை அலை அரிக்கும். அங்கே கல் வேண்டும், மறுக்கவில்லை. எதிர்ப்புறத்து நீர்பிடிப்பு ஓரத்தையாவது சரிவாக, சேறாக, கோரையோடு விட்டுவையுங்கள். முழுக் குளத்தையும் ஒரே கோடையில் சுரண்டாமல் இந்த வருடம் பாதி, அடுத்த வருடம் பாதி என்று எடுங்கள். மிச்சப் பாதியிலிருந்து நத்தை பரவிவிடும்; மட்டியும் மெல்லப் பரவத் தொடங்கும். திட்ட மதிப்பீட்டில் எத்தனை கனமீட்டர் மண் என்று எழுதும் இடத்திலேயே, அந்த மண்ணில் என்னென்ன உயிர் இருந்தது, வேலை முடிந்து ஒரு வருடம் கழித்து என்ன இருக்கிறது என்றும் எழுதுங்கள். அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் மாணவர்கள் ஒரு காலைப்பொழுதில் எண்ணித் தந்துவிடுவார்கள். கூப்பிட்டால் சல்லடையும் வெள்ளைத் தட்டும் எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்