பாப்பாவுக்கு, பிராசஸர் வாங்கும் முன்

அன்புள்ள பாப்பா,

நேற்று இரவு நீ அனுப்பிய மெசேஜை இரண்டு முறை படித்தேன். பி550 மதர்போர்டு இருக்கிறது, 2666 வேகத்தில் ஓடும் 16 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் இரண்டு இருக்கிறது, மெமரிக்கு இப்போது செலவு செய்வதாக இல்லை, பிராசஸர் மட்டும் புதிதாக வாங்கி அதை நன்றாக ஓவர்கிளாக் செய்ய வேண்டும் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்), எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், எனக்கும் எண்களை எழுதிச் சொன்னால்தான் வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டியின் ரைசன் 7 5700எக்ஸ் வாங்கு. பெயரின் கடைசியில் அந்த எக்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன். கேம்தான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம் என்றால் 5700எக்ஸ்3டி. ஆனால் அதில் உன் ஓவர்கிளாக் ஆசை நிறைவேறாது.

இதில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. உனக்கு இதுவரை சொன்னதில்லை.

2007, நீ நடக்கப் பழகிய வருடம். நானும் உன்னைப் போலவே கையில் இருந்த மெமரியை வைத்துக்கொண்டு பிராசஸர் தேடினேன். டிடிஆர்2 667, அதாவது உள்ளே நிஜமாக ஓடும் வேகம் 333 மெகாஹெர்ட்ஸ். இன்டெலின் கோர் 2 டுவோவில் இரண்டு என் கைக்கு எட்டும்படி இருந்தன. பஸ், அதாவது பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் பாதை, அதன் வேகத்தை ஓர் எண்ணால் பெருக்கினால் பிராசஸர் வேகம் வரும். இ6300 என்பது 266ஐ 7ஆல் பெருக்கி 1.86 கிகாஹெர்ட்ஸ். இ4300 என்பது 200ஐ 9ஆல் பெருக்கி 1.8. அந்த 7, 9 என்கிற மல்டிப்ளையரை மேலே ஏற்ற முடியாமல் பூட்டியிருப்பார்கள், ஓவர்கிளாக் செய்ய வேண்டுமென்றால் பஸ் வேகத்தைத்தான் ஏற்ற வேண்டும், பஸ்ஸை ஏற்றினால் மெமரியும் கூடவே ஏறும், என் போர்டில் மெமரியை பஸ்ஸுக்குக் கீழே ஓட்ட வழியே கிடையாது. அப்படியென்றால் 333இல் நிறுத்திக் கணக்குப் போட்டுப் பார்: 7 மடங்கு 2.33, 9 மடங்கு 3.0. மெமரியைத் தொடாமலேயே இ4300 மூன்று கிகாஹெர்ட்ஸ் வரை போக இடம் இருந்தது. நானோ பெட்டியில் போட்டிருந்த 1.86ஐயும், அதன் பஸ் எண் பெரிதாக இருப்பதையும் பார்த்து இ6300 வாங்கிவிட்டேன்.

வாங்கிவிட்டு 2.33இல் மனம் நிற்கவில்லை. பஸ்ஸை 400க்கு ஏற்றினேன், 2.8 வந்தது. மெமரி அப்போது 800இல் ஓடுகிறது, அது அதற்காகச் செய்த மெமரி இல்லை. 1.8 வோல்ட்டில் ஓட வேண்டியதற்கு 2.1 கொடுத்தேன். அரை மணி நேரம் பிரைம்95 என்ற சோதனை புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன், பிழையில்லாமல் ஓடியது. சரி என்று விட்டுவிட்டேன். அந்த வாரமே பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்த படங்களையெல்லாம் புதியதற்கு மாற்றி, பழையதை அழித்துவிட்டேன்.

ஐந்தாறு மாதம் கழித்து உன் படங்களைத் திறந்தபோதுதான் தெரிந்தது. நீ கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக நின்ற படம். உன் முகமும் கையும் தெளிவாக இருக்கின்றன, இடுப்புக்குக் கீழே படம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். அதுபோல நாற்பது, ஐம்பது படங்கள். கணினி ஒரு நாள்கூடத் தொங்கவில்லை, நீலத் திரை வரவில்லை. மெமரியில் ஏதோ ஒரு பிட் புரண்டபடியே நகல் எடுத்திருக்கிறது, அது நகல் எடுத்ததை நான் நம்பியிருக்கிறேன். உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பாதிப் படத்தையே பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டி வைத்தாள். இன்னும் இருக்கிறது.

மெதுவான மெமரி வைத்திருப்பவர் எந்தப் பிராசஸர் வாங்கினாலும், அது மெமரியை இழுத்துக்கொண்டு ஓடாத பிராசஸராக இருக்க வேண்டும். நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். இப்போது இது முன்பைவிடச் சுலபம். உன் பி550, அதாவது ஏஎம்4 சாக்கெட் போர்டில் எக்ஸ்3டி வகையைத் தவிர மற்ற ரைசன்களில் மல்டிப்ளையர் திறந்தே இருக்கும், பிராசஸர் வேகத்தை ஏற்றினால் மெமரி அதன்பாட்டுக்கு 2666இலேயே ஓடும். பயோஸில், அதாவது கணினி கிளம்பும்போது திறக்கும் செட்டிங் திரையில், பேஸ் கிளாக் என்று 100 போட்டிருக்கும், அதை மட்டும் தொடாதே. அதை அசைத்தால் மெமரியும் பிசிஐயும் சேர்ந்து அசையும், மறுபடியும் 2007க்குப் போய்விடுவோம்.

ஆனால் முன்பு இல்லாத ஒரு சிக்கல் இப்போது இருக்கிறது. கொத்தனார் எவ்வளவு வேகமாகக் கல் அடுக்கினாலும் சித்தாள் கலவை கொண்டுவந்து கொட்ட வேண்டாமா? பிராசஸர் மெமரியிடம் ஒன்றைக் கேட்டு அது வந்து சேர 80 நானோ செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள். 4 கிகாஹெர்ட்ஸில் அது 320 கிளாக் காத்திருப்பு. நீ 4.6க்கு ஏற்றினால் அதே 80 நானோ செகண்ட் 368 கிளாக் ஆகிவிடும். நீ கஷ்டப்பட்டு ஏற்றிய வேகத்தில் ஒரு பங்கு சும்மா நிற்பதற்கே போகிறது. அதோடு ரைசனில் உள்ளே இருக்கும் பாகங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் மெமரியின் நிஜ வேகத்தோடு சேர்ந்துதான் நடக்கும், 2666 என்றால் 1333. ஃபேப்ரிக்கைத் தனியாகப் பிரித்து வேகமாக ஓட்டலாம்தான், ஆனால் பிரித்தால் தாமதம் கூடும், வேண்டாம்.

இந்தக் காத்திருப்பைக் குறைப்பது கேஷ், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி. கொத்தனார் பக்கத்திலேயே பெரிய சட்டி நிறையக் கலவை இருந்தால் சித்தாளை எதிர்பார்க்கும் நேரம் குறையும் இல்லையா. அந்த எக்ஸ் விஷயம் இங்கேதான் வருகிறது. 5700எக்ஸில் எல்3 கேஷ் 32 எம்பி. எக்ஸ் இல்லாத வெறும் 5700, பெயரில் ஜி இருக்கும் 5700ஜி, இரண்டிலும் 16 எம்பிதான். மூன்றிலும் எட்டு கோர், மூன்றுக்கும் பூஸ்ட் (தானாகவே எட்டும் உச்ச வேகம்) 4.6, பெட்டியைப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். வேகமான மெமரி வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் கொஞ்சம் மறையும், உனக்கு மறையாது. நான் 1.86ஐப் பார்த்து ஏமாந்த மாதிரி நீ 4.6ஐப் பார்த்து எடுத்துவிடாதே.

5700எக்ஸ்3டியில் கேஷ் 96 எம்பி. மெமரி மெதுவாக இருப்பதை இதைவிட நன்றாக மறைக்கும் பிராசஸர் உன் போர்டுக்குக் கிடையாது என்றே சொல்வேன் (5800எக்ஸ்3டி அதே குடும்பம்தான், கொஞ்சம் வேகம் அதிகம்). ஆனால் மல்டிப்ளையர் பூட்டு, பூஸ்ட்டும் 4.1தான். நீ ப்ளெண்டரில் 3டி படத்துக்கு ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவள், அந்த வேலைக்கு மெமரியும் பெரிய கேஷும் அவ்வளவாக உதவாது, கோரும் வேகமும்தான் வேண்டும். கேம் உனக்கு வாரக் கடைசியில்தான். அதனால்தான் 5700எக்ஸ் என்கிறேன்.

அதில் இன்னொரு நல்லது இருக்கிறது. அது 65 வாட் பிராசஸர், எட்டு கோரும் ஓடும்போது 76 வாட்டுக்கு மேல் எடுக்காதபடி கட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் முழு வேலையில் வேகம் இறங்கிவிடும். பயோஸில் பிபிஓ (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) என்ற இடத்துக்குப் போய் அந்த வரம்பைத் தளர்த்தினாலே நல்ல முன்னேற்றம் தெரியும், மெமரியை ஒரு விரல்கூடத் தொட வேண்டாம். எல்லா கோரையும் ஒரே வேகத்தில் பூட்டுவதைவிட இதுவே மேல், பூட்டினால் ஒற்றைக் கோர் பூஸ்ட் போய்விடும். அப்புறம் கர்வ் ஆப்டிமைசர், அதே வேகத்துக்குக் கொடுக்கும் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங். மைனஸ் 10இல் தொடங்கு, ஒரேயடியாக மைனஸ் 30 போடாதே. அது நிலையாக இல்லையென்றால் ரெண்டர் ஓடும்போது பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, நீ சும்மா படித்துக்கொண்டிருக்கும்போது பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும், அப்போது பவர் சப்ளையைச் சந்தேகப்படாமல் இந்த மைனஸ் எண்ணைப் பூஜ்யத்தை நோக்கிக் கொண்டுவா. பெட்டியில் கூலர் வராது, அதைத் தனியாக நல்லதாகப் பார்த்து வாங்கு, இதில் மிச்சம் பிடிக்காதே. பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே பயோஸை அப்டேட் செய்துவிடு.

மெமரியைப் பற்றி. ஸ்டிக் இரண்டும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார். நீ அனுப்பிய படத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தது, அப்படியென்றால் பெரும்பாலும் மெமரிக்கான இரண்டு பாதையில் (சேனல்) ஒன்றில்தான் ஓடுகிறது, பாதி அகலம் வீண். எந்த ஓவர்கிளாக்கும் தராத லாபத்தை இந்த இடமாற்றம் தரும். பக்கவாட்டுக் கொக்கி டக்கென்று மூடும் வரை அழுத்து.

உன் ஸ்டிக்கரில் சிஎல் 19 என்று இருக்கிறது, கேட்டதைத் தர மெமரி எடுக்கும் கிளாக் எண்ணிக்கை அது. 19 கிளாக்கை 1333 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 14.25 நானோ செகண்ட். 3200 சிஎல் 16 ஸ்டிக்குக்கு அது 10. இதைப் பார்த்துவிட்டு உனக்குக் கை துறுதுறுக்கும், தெரியும். 2933 வரை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றால் பார், 1.35 வோல்ட்டுக்கு மேல் போகாதே, சிஎல் போன்ற டைமிங் எண்களைக் கொஞ்சம் கூட்டித் தளர்த்து. வந்தால் வரும், வராவிட்டால் 2666க்கே திரும்பிவிடு. பிராசஸர் தாங்காவிட்டால் பெரும்பாலும் கத்திவிட்டு விழும், மெமரி தாங்காவிட்டால் வாயைத் திறக்காமல் உன் கோப்புகளைத் தின்னும். அந்த நேரத்தில் உன் புராஜெக்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதனை செய். அரை மணி நேரம் போதாது, மெம்டெஸ்ட்86 என்ற மெமரி சோதனை முழு நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், பரவாயில்லை என்று தாண்டாதே.

பிராசஸர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரியே ஸ்லாட்டை மாற்றிவிட்டு, இப்போது இருக்கும் 2666இலேயே மெம்டெஸ்ட் போட்டுவிட்டுத் தூங்கு. காலையில் திரையை ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா