நேர்கோட்டில் மூன்றரை மணி, நடைமுறையில் ஒரு பகல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை விமான நிலையத்துக்கும் அசாமின் கவுகாத்தி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, மூன்றரை மணி நேரத்தில் இத்தூரத்தைக் கடந்துவிடும். நேரடிச் சேவை இல்லாத வழித்தடத்தில் இந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

வியப்பு என்னவென்றால், சென்னை கிட்டத்தட்ட அந்த நேர்கோட்டின் மீதே அமைந்திருப்பதால், அங்கே விமானம் மாறிச் செல்வோருக்குத் தூரம் சில கிலோமீட்டர்கூடக் கூடுவதில்லை. கூடுவதெல்லாம் காத்திருக்கும் நேரமே. இரண்டு நிறுவனங்களில் தனித்தனியே சீட்டு எடுத்தவர்கள், பெட்டிகளைப் பெற்று மறுபடியும் ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்கும் மீண்டும் நிற்க வேண்டும். டெல்லி வழியாகச் சென்றாலோ பறக்கும் தூரமே சுமார் 3,500 கிலோமீட்டராகிவிடுகிறது. சீட்டு மலிவு என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

வடகிழக்கில் பணியாற்றும் நம் பகுதி ராணுவ வீரர்களுக்கும், இங்குள்ள ஆலைகளிலும் உணவகங்களிலும் உழைக்கும் அசாம் இளைஞர்களுக்கும் விடுப்பு நாள்கள் குறைவு. ஆகவே நேரடி விமானம் உடனே கேட்காவிட்டாலும், அக்டோபர் இறுதியில் தொடங்கும் குளிர்கால அட்டவணையிலாவது, மதுரையிலிருந்து காலையில் சென்னை சேரும் விமானம் கவுகாத்தி விமானத்துடன் இரண்டு மணி நேர இடைவெளியில் இணையுமாறு நேரத்தை அமைக்க விமான நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருப்பரங்குன்றம்