பத்துக்கு எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோபோ போட்டிகளில் கோப்பை வாங்கிய பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. படத்தைப் பார்த்த பெற்றோர் உடனே கேட்பது, "எந்த கிட் வாங்கிக் கொடுக்கலாம்?" என்றுதான். கிட் என்பது ரோபோ கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டி. சிறுவர் அணிகளைப் பழக்குகிறவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்தப் போட்டி, அதன் விதிப் புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிட்டுக்கு வர வேண்டும்.

போட்டிக்குப் போட்டி ஆட்டமே வேறு. ஃபர்ஸ்ட் லெகோ லீக் சேலஞ்சில் ஆட்டம் இரண்டரை நிமிடம். ரோபோ தன் இடத்துக்குத் திரும்பியதும் வேறொரு கருவியை அதில் மாட்டி மறுபடி அனுப்பலாம். நடுவழியில் கையால் தூக்கினால் புள்ளி போகும். உலக ரோபோ ஒலிம்பியாடின் ரோபோமிஷன் பிரிவில் 2 நிமிடம். புறப்படும்போது ரோபோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 25 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். கிளம்பியபின் தொட்டால் அந்தச் சுற்று அத்தோடு சரி. போதாக்குறைக்குப் போட்டி அன்று காலையில் எதிர்பாராத விதி ஒன்றையும் அறிவிப்பார்கள். பயிற்சியாளரின் உதவி இல்லாமல் பிள்ளைகளே அதைச் சமாளிக்க வேண்டும். ரோபோகப் ஜூனியரின் ரெஸ்க்யூ லைன் பிரிவில் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். கோடு அங்கங்கே விட்டுப்போயிருக்கும், வழியில் தடையும் மேடும் இருக்கும். வெக்ஸ் ஐக்யூவில் இரண்டு அணிகள் கூட்டுச் சேர்ந்து 60 வினாடி ரிமோட்டில் ஓட்டும் ஆட்டம் உண்டு. ஓட்டுவதில் துடிப்பாக இருக்கும் பிள்ளையை, ரிமோட் இல்லாமல் ரோபோ தானே ஓடப் புரோகிராம் மட்டும் எழுதும் போட்டியில் உட்காரவைத்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். விதிகளை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். ஆகவே நடப்பு ஆண்டின் பிரதியை எடுத்து, பிள்ளைகளையே உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும்.

கிட் விஷயத்தில் ஒன்று. லெகோ நிறுவனம் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ கிட் வரிசையை 2022 இறுதியோடு நிறுத்திவிட்டது. அதற்காகப் பள்ளி அலமாரியில் கிடக்கும், அந்த வரிசையின் ஈவி3 பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பேட்டரி உப்பியிருக்கிறதா, கேபிளின் கொக்கி உடைந்திருக்கிறதா, மோட்டார் மாட்டும் எல்லா போர்ட்டிலும் அது சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டால் கற்றுக்கொள்ள அதுவே தாராளம்.

முதல் சில வகுப்புகளில் கை, கொக்கி, தூக்கி என எதுவும் வேண்டாம். இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், பின்னால் ஓர் உருளும் குண்டு. இதை வைத்து 1 மீட்டர் நேராக ஓடி நிற்கட்டும். கேட்க எளிதுதான், ஆனால் அத்தனை பிரச்சினையும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பிள்ளைகள் முதலில் "2 வினாடி ஓடு" என்றுதான் எழுதுவார்கள். பேட்டரி இறங்க இறங்க அதே 2 வினாடியில் போகும் தூரம் குறையும். அதனால் நேரத்தை விட்டுவிட்டுச் சுற்றுக் கணக்குக்கு வர வேண்டும். சக்கரத்தின் விட்டம் 56 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 17.6 செ.மீ.; 1 மீட்டருக்கு 5.68 சுற்று. இந்தக் கணக்கைப் பெரியவர்கள் போட்டுக் கொடுக்கக் கூடாது. சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, அளவுகோலால் பிள்ளைகளே அளந்து கண்டுபிடிக்க வேண்டும். திரும்புவதும் இதே கணக்குதான். இரு சக்கரங்களுக்கும் நடுவே 12 செ.மீ. இருந்தால், நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்ப ஒவ்வொரு சக்கரமும் 9.4 செ.மீ. உருள வேண்டும், ஒன்று முன்னோக்கி, மற்றது பின்னோக்கி. அதே 56 மி.மீ. சக்கரம் அவ்வளவு உருள, மோட்டார் ஏறத்தாழ 193 டிகிரி சுற்ற வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் ரோபோ ஒரு பக்கம் இழுக்கும். உடனே புரோகிராமில் கை வைக்காமல், முதலில் ரோபோவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும். சக்கரத்தை ஒரு பக்கம் மட்டுமே தாங்கினால் அச்சு வளையும். இரு பக்கமும் தாங்கல் வேண்டும். எடை சக்கரங்களின் மேல் விழாமல் குண்டின் மேல் விழுந்தால் சக்கரம் வழுக்கும். ரப்பரில் தூசி படிந்தாலும் வழுக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். இவ்வளவும் பார்த்தபின் வேகம். மோட்டாரை 100 சதவீதத்தில் ஓட்டினால், பின்தங்கும் மோட்டாரை வேகப்படுத்தி ஈடுகட்ட இடமே இல்லை. 50, 60 சதவீதத்தில், மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிறுத்தினால் பாதி நோய் தீர்ந்துவிடும்.

மீதி நோய் தீராது. கிளம்பும்போது 1 டிகிரி கோணல் இருந்தால் 1 மீட்டரில் 1.7 செ.மீ. விலகும், 2 மீட்டரில் 3.5 செ.மீ. அதனால்தான் தேர்ந்த அணிகள் நீளமாக ஓட்டுவதில்லை. கொஞ்ச தூரம் போய் போட்டி மேசையின் ஓரச் சுவரில் பின்புறத்தை இடித்து நேராக்கிக்கொள்வார்கள். அல்லது தரையின் நிறத்தை அறியும் இரண்டு கலர் சென்சாரும் கறுப்புக் கோட்டில் நிற்கும்வரை ஒவ்வொரு சக்கரமாக நகர்த்துவார்கள். கிளம்பும் இடத்தில் ரோபோவைக் கண்ணளவில் வைக்காமல், விதி அனுமதித்தால் நேராக நிற்க உதவும் ஓர் அணைச்சட்டத்தை ஒட்டினாற்போல் வைப்பார்கள்.

எங்களைப் பொறுத்தவரை போட்டியின் உயிர்நாடி இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் திறன்தான். ரோபோ செய்து புள்ளி வாங்க வேண்டிய ஒரு பணி பத்துக்கு ஏழு தடவை சரியாக வந்தால் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். அப்படிப்பட்ட மூன்று பணிகளை ஒரே ஓட்டத்தில் கோத்தால் மூன்றும் ஒருசேரச் சரியாக வர வாய்ப்பு நூற்றுக்கு 34 மட்டுமே. ஒவ்வொன்றும் பத்துக்கு ஒன்பது என்றால் 73. புதுப் பணியைச் சேர்ப்பதைவிட, இருப்பதை ஏழிலிருந்து ஒன்பதுக்கு உயர்த்துவது பெரும்பாலும் அதிகப் புள்ளி தரும். இதைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, ஓட்டத்துக்கு ஒரு கோடு போட்டு எண்ணினால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். தோற்ற ஓட்டத்துக்குப் பக்கத்தில் எங்கே பிசகியது என்று இரண்டு வார்த்தை எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றத்துக்கு முன் புரோகிராமைப் புதுப் பெயரில் சேமித்துவைப்பது. இந்த ஒழுங்கு வராத அணி, போட்டிக்கு முந்தின நாள் இரவு "நேற்று ஓடியதே!" என்று கையைப் பிசையும்.

கலர் சென்சார் தனி வம்பு. தரையிலிருந்து திரும்பி வரும் ஒளியை அது எண்ணாகக் காட்டும். வகுப்பறையில் கறுப்பு 10, வெள்ளை 90 என்று காட்டியது, அரங்கின் பளீர் விளக்கில் வேறு காட்டும். தரையிலிருந்து 1 செ.மீ. அளவு உயரத்தில், ரோபோவின் உடலுக்கு அடியில் நிழலாக மாட்டி, போட்டி மேசையிலேயே மறுபடி அளவெடுக்க வேண்டும். கோட்டைத் தொடர, கோட்டின் ஓரத்தில் வரும் நடு அளவிலிருந்து (இங்கே 50) எவ்வளவு விலகியிருக்கிறதோ அதை ஓர் எண்ணால் பெருக்கித் திருப்பினால் போதும். 0.3-இல் தொடங்கலாம். ரோபோ தலையை ஆட்டிக்கொண்டே போனால் எண்ணைக் குறைக்கவும். வளைவில் கோட்டை விட்டால் கூட்டவும், அல்லது வேகத்தைக் குறைக்கவும். ரோபோ திரும்பும் கோணத்தை அளக்கும் கைரோ சென்சார் இருந்தால், ரோபோவுக்குச் சுவிட்ச் போடும்போது ஆடாமல் வைத்திருக்க வேண்டும். கையில் பிடித்தபடி சுவிட்ச் போட்டால் நின்ற இடத்திலேயே கோணம் ஓடத் தொடங்கும்.

கடைசியாகப் பெரியவர்களின் கை. ரோபோவை அப்பாவோ பயிற்சியாளரோ கட்டிக் கொடுத்திருந்தால் நடுவருக்கு இரண்டு கேள்வி போதும்: "இந்தப் பல்சக்கரம் ஏன்? கடைசியாக எதை மாற்றினீர்கள்?" அணிக்குள்ளேயும் இதே ஆபத்து உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று லேப்டாப்பைப் பிடித்துக்கொள்ளும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றம் என்று கறாராக இருக்க வேண்டும்.

முதல் போட்டிக்கு மூன்று நான்கு பணிகள் போதும். பையில் சார்ஜர், நீண்ட வயருள்ள பிளக், மாற்றுக் கேபிள் இரண்டு, துடைக்கும் துணி, பென் டிரைவில் புரோகிராமின் பிரதி, அச்சிட்ட விதிப் புத்தகம். நடுவரிடம் வாதாட வேண்டிவந்தால் புத்தகத்தில் பக்கத்தைக் காட்டிப் பிள்ளைகளே பேச வேண்டும். பெற்றோர் பார்வையாளர் வரிசையை விட்டு எழுந்து வர வேண்டாம்.

இப்படிக்கு,
சிறுவர் ரோபோ அணிகளின் பயிற்சியாளர்கள்